அடிப்படை உடல் வெப்பநிலையும் இரவுப் பணியும்

அடிப்படை உடல் வெப்பநிலை என்பது ஓய்வின்போது, சிறப்பாக நீண்ட உறக்கத்தின்போது, உடல் அடையும் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறிக்கும். நடைமுறையில் இது உறங்கி விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பாக அளக்கப்படுகிறது. கருவளப் பருவத்தில் உள்ள பெண்களில், கருமுட்டை வெளியேறிய பின்னர் இவ்வெப்பநிலை சிறிதளவு உயர்ந்து, அடுத்த மாதவிடாய் வரை உயர்ந்த நிலையிலேயே இருக்கும். நாள்தோறும் அளந்து குறித்து வந்தால், ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் எப்போது முடிவடைந்தன என்பதை அறிந்துகொள்ள முடியும். குழந்தைப்பேற்றை விரும்புவோரும் அதனைத் தள்ளிப்போட விரும்புவோரும் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

இம்முறை, இரவில் உறங்கிக் காலையில் விழிப்பவர்களை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. செவிலியர், மருத்துவர், நூற்பாலைத் தொழிலாளர், தொலைபேசிச் சேவை மையப் பணியாளர், காவல் துறையினர் போன்று இரவில் பணியாற்றும் பெண்களுக்கு இதில் ஒரு சிறப்பான இடர்ப்பாடு உள்ளது. மனித உடலின் வெப்பநிலை ஒவ்வொரு நாளும் ஒரு முறை இறங்கி ஏறுகிறது. இந்த நாளாந்த ஏற்றம், கருமுட்டை வெளியேற்றத்தால் உண்டாகும் ஏற்றத்துக்கு நிகரானது. பல வேளைகளில் அதனினும் பெரியது. எனவே உறங்கும் நேரம் மாறும்போது, வரைபடத்தில் தோன்றும் உயர்வு கருமுட்டை வெளியேறியதால் வந்ததா, அளந்த நேரம் மாறியதால் வந்ததா என்ற ஐயம் எழுகிறது. இதனைத் தவறாகப் புரிந்துகொண்டால், கருத்தரிக்க மிகுந்த வாய்ப்புள்ள நாட்களையே வாய்ப்பற்ற நாட்களாகக் கருதிவிட நேரும்.

வெப்பநிலை உயர்வதற்கான காரணம்

மாதவிடாய்ச் சுழற்சியின் முதற்பாதியில் சூலகத்தில் நுண்ணறை ஒன்று வளர்ந்து முதிர்கிறது. இக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் மேலோங்கி இருக்கும். நுண்ணறை வெடித்துக் கருமுட்டை வெளியேறிய பின், எஞ்சிய நுண்ணறை மஞ்சட்சடலமாக மாறிப் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. உடல் வெப்பநிலையை நெறிப்படுத்தும் பகுதி மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ளது. புரோஜெஸ்டிரோன் அதன் மீது செயற்பட்டு, உடல் பேண வேண்டிய வெப்பநிலையின் அளவைச் சற்று உயர்த்துகிறது. இவ்வுயர்வு பொதுவாக 0.2 முதல் 0.5 பாகை செல்சியசு (°செ) வரை இருக்கும்.

இதனால், வரைபடத்தில் தாழ்ந்த கட்டம், உயர்ந்த கட்டம் என இரு கட்டங்கள் தோன்றுகின்றன. கருத்தரிப்பு நிகழாவிடில் மஞ்சட்சடலம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் சிதைகிறது, புரோஜெஸ்டிரோன் குறைகிறது, மாதவிடாய் தொடங்குகிறது, வெப்பநிலையும் பழைய நிலைக்கு இறங்குகிறது. கருத்தரிப்பு நிகழ்ந்தால் உயர்ந்த நிலை நீடிக்கும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவதாக, வெப்பநிலை உயர்வு கருமுட்டை வெளியேறிய பின்னரே தெரியவரும். அது முன்னறிவிப்பு அன்று. இரண்டாவதாக, கருமுட்டை வெளியேறிய பின் 12 முதல் 24 மணி நேரம் வரையே உயிர்ப்புடன் இருக்கும். ஆனால் விந்தணுக்கள் பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை வாழக்கூடும். 1995 இல் ஆலன் வில்காக்சும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு, கருத்தரிப்புக்கு வாய்ப்பான காலம் கருமுட்டை வெளியேறும் நாளுடன் முடியும் 6 நாட்கள் எனக் காட்டியது. ஆகவே வெப்பநிலை உயரும்போது அந்த 6 நாட்களும் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும்.

வரலாறு

மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்ப உடல் வெப்பநிலை மாறுகிறது என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு ஓய்வு கட்டாயம் தேவையா என்ற வினாவை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் மேரி புட்னம் ஜாகோபி, 1877 இல் வெளியான தம் நூலில் இத்தகைய அளவீடுகளைத் தந்தார். பெண்கள் கல்விக்கும் வேலைக்கும் தகுதியற்றவர்கள் என்ற அக்காலக் கருத்தை மறுப்பதே அந்நூலின் நோக்கமாக இருந்தது.

1905 ஆம் ஆண்டளவில் நெதர்லாந்து நாட்டு மகப்பேற்று மருத்துவர் தியோடோர் வான் டி வெல்டே, சுழற்சியின் இரு கட்ட வெப்பநிலை அமைப்பைத் தெளிவாக விளக்கினார். பின்னர் அவ்வுயர்வை மஞ்சட்சடலத்துடன் தொடர்புபடுத்தினார். 1920களில் யப்பானின் கியூசாக்கு ஓகினோவும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் கினௌசும், கருமுட்டை வெளியேற்றம் அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் நிகழ்கிறது என்று தனித்தனியே கண்டறிந்தனர். 1934 இல் புரோஜெஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1935 இல் செருமனியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான வில்ஹெல்ம் ஹில்லெபிரான்ட், வெப்பநிலை அளவீட்டைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தும் முறையை வகுத்தார்.

1950களில் ஆஸ்திரேலியாவில் ஜான் பில்லிங்ஸ் கருப்பை வாய்ச் சளியின் மாற்றங்களை ஆராயத் தொடங்கினார். அவர் மனைவி எவலின் பில்லிங்சும் பின்னர் இப்பணியில் இணைந்தார். ஆஸ்திரிய மருத்துவர் யோசப் ரோட்சர், வெப்பநிலையையும் சளியின் மாற்றங்களையும் ஒருங்கே கவனிக்கும் கூட்டு முறையை உருவாக்கினார். இரவுப் பணி செய்வோருக்கு இக்கூட்டு முறையே கூடுதலாகப் பயன்படுகிறது.

உடற்கடிகாரமும் நாளாந்த வெப்பநிலை மாற்றமும்

மூளையில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த ஒரு சிறு நரம்பணுத் தொகுதி உடலின் முதன்மைக் கடிகாரமாகச் செயற்படுகிறது. இதன் பணி 1972 இல் வெளியான விலங்கு ஆய்வுகளால் தெரியவந்தது. கண் வழியாகப் பெறும் ஒளியைக் கொண்டு இக்கடிகாரம் நாள்தோறும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உடற்கடிகாரத்தின் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்தமைக்காக ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரவில் உறங்குபவரின் உடல் உள்வெப்பநிலை, அதிகாலை 4 அல்லது 5 மணியளவில், அதாவது வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக, மிகக் குறைவாக இருக்கும். பின்னர் அது படிப்படியாக உயர்ந்து மாலைப் பொழுதில் உச்சத்தை அடையும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 0.5 முதல் 1 °செ ஆகும். உடற்கடிகாரத்தைத் தவிர, உறக்கமும் வெப்பநிலையைக் குறைக்கிறது. உறங்கத் தொடங்கும்போது கை கால்களின் குருதிக் குழாய்கள் விரிந்து உடலின் வெப்பம் வெளியேறுவதே இதற்குக் காரணம். ஆக, காலையில் அளக்கப்படும் அளவு கடிகாரத்தின் இறக்கமும் உறக்கத்தின் இறக்கமும் ஒன்றுசேர்ந்த அளவாகும்.

கருமுட்டை வெளியேறிய பின் இந்த நாளாந்த அலையின் வீச்சு குறைகிறது. புரோஜெஸ்டிரோன் இரவு நேர இறக்கத்தை ஆழமாக நிகழவிடுவதில்லை. இதனால் இரு கட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு அலையின் தாழ்ந்த பகுதியில் தெளிவாகவும், மாலை உச்சத்தில் மங்கலாகவும் தெரியும். விழித்தவுடன் அளக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவே அடிப்படை. நாளின் வேறு நேரத்தில் அளக்கும்போது அளவு பிழையாக உயர்வதோடு, தேட வேண்டிய வேறுபாடும் சுருங்கிவிடுகிறது.

இரவுப் பணியின் விளைவுகள்

பெண்களின் இரவுப் பணியைச் சட்டங்கள் பல காலம் கட்டுப்படுத்தி வந்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1948 ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்தது; அதே அமைப்பின் 1990 ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு பாலாருக்கும் பொதுவான பாதுகாப்பை வலியுறுத்தியது. இந்தியாவில், தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் பணியாற்றுவதைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவு செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனைகளிலோ பெண்கள் இரவில் பணியாற்றுவது நெடுங்கால வழக்கம்.

அளவீட்டின் மீதான விளைவு

இரவு முழுவதும் பணியாற்றிக் காலை 9 மணிக்கு உறங்கச் செல்பவரின் உடற்கடிகாரம், அவரோடு சேர்ந்து உடனே இடம் மாறுவதில்லை. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே நகரக்கூடியது. எனவே முழுமையாக மாறுவதற்கு ஒரு வாரத்துக்கும் மேலான காலம் தேவை. பணி முடிந்து வீடு திரும்பும்போது கண்ணில் படும் காலை வெயில், கடிகாரத்தைப் பழைய நிலையிலேயே நிறுத்த முயல்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு இரவில் உறங்கினால் சிறிதளவு நகர்ந்ததும் திரும்பிவிடுகிறது. ஆண்டுக்கணக்காக இரவுப் பணி செய்பவர்களிலும் சிறு பகுதியினரின் உடற்கடிகாரமே முழுமையாக மாறியிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இதன் விளைவாக, பிற்பகல் 3 மணிக்கு விழித்து அளக்கும் பெண்ணின் வெப்பநிலை, உடற்கடிகாரத்தின் ஏறுமுகத்தில் அளக்கப்படுகிறது. உறக்கம் அதனைச் சற்றுத் தாழ்த்தினாலும், அதிகாலையில் கிடைக்கும் அளவுக்கு அது இறங்குவதில்லை. பகல் உறக்கம் பெரும்பாலும் குறுகியதாகவும், வெளிச்சம், ஓசை, வெப்பம், வீட்டு வேலை ஆகியவற்றால் இடையிடையே கலைவதாகவும் இருப்பது மற்றொரு காரணம்.

சுழற்சியின் மீதான விளைவு

இரவுப் பணி சுழற்சியையே மாற்றவும் கூடும். அமெரிக்கச் செவிலியரிடையே 1989 இல் தொடங்கப்பட்ட நீண்டகால நலவாய்வின் தரவுகளைக் கொண்டு 2011 இல் வெளியான ஆய்வில், சுழல்முறை இரவுப் பணியில் கூடுதலான மாதங்கள் ஈடுபட்டவர்களிடம் ஒழுங்கற்ற சுழற்சிகள் மிகுதியாகக் காணப்பட்டன. இது தொடர்பை மட்டுமே காட்டுகிறது; ஒவ்வொருவருக்கும் இவ்வாறு நிகழும் என்பதற்குச் சான்று அன்று. இரவுப் பணி செய்யும் பெண்கள் பலர் ஒழுங்கான சுழற்சியுடன் இயல்பாகக் கருத்தரிக்கின்றனர்.

சுழற்சி நீளும்போது பெரும்பாலும் நீள்வது கருமுட்டை வெளியேறுவதற்கு முந்திய பகுதியே. பிந்திய பகுதியின் நீளம் ஒப்பளவில் நிலையானது. எனவே நாட்காட்டியைப் பார்த்து 14 ஆம் நாளைக் கருமுட்டை வெளியேறும் நாளாகக் கொள்வது எவருக்கும் ஐயத்துக்குரியது. பணிமுறை அடிக்கடி மாறுபவருக்கு அது மேலும் பிழையாகும்.

அளக்கும் முறை

கருவி

வேறுபாடு மிகச் சிறியது என்பதால், இரண்டு தசம இடங்களைக் காட்டும் அடிப்படை வெப்பமானியே ஏற்றது. காய்ச்சலை அறியப் பயன்படும் சாதாரண வெப்பமானி போதுமானதன்று. பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியும் வணிகமும் 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையின் வழியே கைவிடப்பட்டு வருவதால், இப்போது மின்னணு வெப்பமானிகளே பெரிதும் கிடைக்கின்றன. வாய், மலக்குடல், யோனி ஆகிய மூன்றில் ஏதேனும் ஓரிடத்தில் அளக்கலாம்; ஆனால் ஒரு சுழற்சி முழுவதும் ஒரே கருவியையும் ஒரே இடத்தையும் பயன்படுத்த வேண்டும். வாய் திறந்து உறங்குபவர்களுக்கும், மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படுபவர்களுக்கும் வாயில் எடுக்கும் அளவு நிலையற்றதாக இருக்கும்.

பொது விதிகள்

* கடிகார மணியைவிட உறக்கமே முதன்மையானது. 24 மணி நேரத்தில் மிக நீண்ட உறக்கம் எதுவோ, அதிலிருந்து விழித்தவுடன் அளக்க வேண்டும்.
* அளப்பதற்கு முன் தடையின்றிக் குறைந்தது 3 அல்லது 4 மணி நேரம் உறங்கியிருக்க வேண்டும்.
* எழுந்து அமர்வதற்கும், நீர் அருந்துவதற்கும், பேசுவதற்கும் முன்பே அளக்க வேண்டும். வெப்பமானியைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்வது உதவும்.
* அளவுடன் விழித்த நேரம், உறங்கிய மணி, பணிமுறை ஆகியவற்றையும் குறித்துவைக்க வேண்டும்.
* காய்ச்சல், மது அருந்துதல், உறக்கமின்மை, வெப்பநிலையைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றையும் அந்தந்த நாளில் குறிக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு ஓர் அளவு மட்டுமே இடம்பெற வேண்டும். திங்கள் இரவு பணியாற்றிச் செவ்வாய்க் காலை உறங்கிப் பிற்பகலில் விழித்தால், அந்த அளவு செவ்வாய்க்கு உரியது. கடைசி இரவுப் பணிக்குப் பின் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கண்ணயர்ந்து, பின் அன்றிரவு வழக்கம் போல் உறங்குவோர் பலர். அந்தக் குறுந்துயிலுக்குப் பின் அளப்பதைவிட, அந்நாளை வெற்றிடமாக விடுவதே நல்லது.

நிலையான இரவுப் பணி

எப்போதும் இரவுப் பணியே செய்பவர்கள், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் விழித்தால், இரு கட்ட அமைப்பைத் தெளிவாகக் காண இயலும். அவர்களுடைய அளவுகள் மற்றவர்களின் அளவுகளைவிட உயர்ந்திருக்கலாம். ஆனால் வரைபடத்தில் கருதப்படுவது வேறுபாடே அன்றி, அளவின் தனி மதிப்பு அன்று. விடுமுறை நாட்களில் உறக்க நேரத்தை முற்றிலும் மாற்றாமல், ஒரு பகுதியையாவது வழக்கமான நேரத்துடன் பொருந்தச் செய்வது உதவும். அறையை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருப்பது உறக்கத்துக்கும் அளவீட்டுக்கும் நன்மை தரும்.

சுழல்முறைப் பணி

சில நாட்கள் பகலிலும் சில நாட்கள் இரவிலும் பணியாற்றுவோருக்கே இடர்ப்பாடு மிகுதி. இவர்கள் பகல் உறக்கத்துக்குப் பின் எடுத்த அளவுகளை வேறு நிறத்தில் அல்லது அடைப்புக்குறிக்குள் குறிப்பது வழக்கம். இரவு உறக்க அளவுகளை இரவு உறக்க அளவுகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். பணிமுறை மாறிய முதல் நாளின் அளவும் ஐயத்துக்குரியதே.

வரைபடத்தைப் படித்தல்

பரவலாகப் பின்பற்றப்படும் விதி, ஆறுக்கு மேல் மூன்று எனச் சுருக்கமாகச் சொல்லப்படும். தொடர்ந்து வரும் 3 அளவுகள், அவற்றுக்கு முந்திய 6 அளவுகளில் மிக உயர்ந்ததைவிட மேலாக இருக்க வேண்டும். மூன்றாவது அளவு குறைந்தது 0.2 °செ மேலாக இருக்க வேண்டும். அப்போது மூன்றாம் நாள் மாலை முதல் கருத்தரிக்க வாய்ப்பற்ற காலம் தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விதி சுழல்முறைப் பணியில் எவ்வாறு தவறாகக் கூடும் என்பதைப் பின்வரும் அட்டவணை காட்டுகிறது. இது விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. இதில் வரும் செவிலியர் 12, 13, 14 ஆம் நாட்களின் இரவுகளில் பணியாற்றுகிறார்.

| சுழற்சி நாள் | விழித்த நேரம் | அளவு (°செ) |
|---|---|---|
| 7 | காலை 6 | 36.35 |
| 8 | காலை 6 | 36.40 |
| 9 | காலை 6 | 36.30 |
| 10 | காலை 6 | 36.35 |
| 11 | காலை 6 | 36.40 |
| 12 | காலை 6 | 36.35 |
| 13 | பிற்பகல் 3 | 36.70 |
| 14 | பிற்பகல் 3 | 36.65 |
| 15 | பிற்பகல் 3 | 36.70 |
| 16 | காலை 7 | 36.45 |
| 17 | காலை 6 | 36.35 |
| 18 | காலை 6 | 36.60 |
| 19 | காலை 6 | 36.65 |
| 20 | காலை 6 | 36.70 |

விழித்த நேரத்தைக் கருதாமல் படித்தால், 7 முதல் 12 வரையிலான நாட்களின் உயர்ந்த அளவு 36.40 ஆகும். 13, 14, 15 ஆம் நாட்களின் அளவுகள் மூன்றும் அதற்கு மேல் உள்ளன. மூன்றாவது அளவு 0.3 °செ உயர்ந்துள்ளது. விதி நிறைவேறுகிறது. 15 ஆம் நாள் மாலையோடு வாய்ப்புள்ள காலம் முடிந்தது என்ற முடிவு கிடைக்கிறது. இம்முடிவு பிழையானது.

முறையாகப் படிக்கும்போது, பகல் உறக்கத்துக்குப் பின் எடுத்த 13, 14, 15 ஆம் நாட்களின் அளவுகளும், மாறிய முதல் நாளான 16 ஆம் நாளின் அளவும் கணக்கிலிருந்து நீக்கப்படும். 17 ஆம் நாளில் வெப்பநிலை தாழ்ந்தே உள்ளது. எனவே உண்மையான உயர்வு அதுவரை நிகழவில்லை. 18 ஆம் நாளுக்கு முந்திய தகுதியான ஆறு அளவுகள் 8, 9, 10, 11, 12, 17 ஆம் நாட்களுக்கு உரியவை. அவற்றில் உயர்ந்தது 36.40. 18, 19, 20 ஆம் நாட்களின் அளவுகள் அதற்கு மேல் உள்ளன, மூன்றாவது 0.3 °செ மேலாக உள்ளது. ஆகவே 20 ஆம் நாள் மாலையில்தான் விதி நிறைவேறுகிறது. கருமுட்டை 17 ஆம் நாளையொட்டி வெளியேறியிருக்கக்கூடும்.

இரு முடிவுகளுக்கும் இடையே 5 நாட்கள் வேறுபாடு உள்ளது. கருத்தரிப்பைத் தவிர்க்க விரும்பும் இணையர், 16, 17 ஆம் நாட்களைப் பாதுகாப்பானவை என நம்பியிருப்பர்; உண்மையில் அவை மிகுந்த வாய்ப்புள்ள நாட்கள். குழந்தையை எதிர்நோக்கும் இணையரோ, இம்மாதம் வாய்ப்பு கடந்துவிட்டது எனக் கருதி அதே நாட்களை இழந்திருப்பர்.

17 ஆம் நாளின் அளவும் உயர்ந்தே இருந்திருந்தால், உயர்வு எந்த நாளில் தொடங்கியது என்று கூற இயலாது. அந்நிலையில் நீக்கப்பட்ட நாட்களை உயர்ந்த நாட்களாக எண்ணாமல், தகுதியான மூன்று உயர்ந்த அளவுகள் கிடைக்கும் வரை காத்திருப்பதே பாதுகாப்பான வழி. நீக்கப்பட்ட அளவுகள் மிகுதியாகி, ஒப்பிட 6 தகுதியான அளவுகள் கிடைக்காவிட்டால், அச்சுழற்சியின் வரைபடம் படிக்க இயலாதது எனக் கொள்ள வேண்டும்.

நேரத் திருத்தம்

காலதாமதமாக விழிக்கும்போது, ஒவ்வோர் அரைமணி நேரத்துக்கும் ஏறத்தாழ 0.05 °செ கழிக்க வேண்டும் எனச் சில கையேடுகள் கூறுகின்றன. ஓரிரு மணி நேர வேறுபாட்டுக்கே இது ஓரளவு பொருந்தும். மேற்கண்ட அட்டவணையின் 13 ஆம் நாளுக்கு இதனைப் பயன்படுத்தினால், 9 மணி நேரத் தாமதத்துக்கு 0.90 °செ கழித்து 35.80 என்னும் பொருந்தாத அளவு கிடைக்கும். விழிக்கும் வரை உடல் உறங்கியிருந்ததையும், உடற்கடிகாரம் ஓரளவு நகர்ந்திருக்கக்கூடும் என்பதையும் இத்திருத்தம் கணக்கில் கொள்வதில்லை. எனவே இரவுப் பணியில் இதனைத் தவிர்க்க வேண்டும்.

பிற அறிகுறிகளுடன் இணைத்தல்

வெப்பநிலை தெளிவாக இல்லாதபோது, உறக்க நேரத்தைச் சாராத அறிகுறிகள் துணைபுரிகின்றன.

* கருப்பை வாய்ச் சளி: கருமுட்டை வெளியேறும் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜனின் விளைவால் சளி மிகுந்து, தெளிவாகவும், வழுக்கும் தன்மையுடனும், முட்டையின் வெண்கரு போல இழுபடக்கூடியதாகவும் மாறும். பின்னர் அது தடித்துக் குறையும். இதனை நாளின் எந்நேரத்திலும் கவனிக்கலாம்.
* சிறுநீர்ச் சோதனை: லூட்டினாக்க இயக்குநீரின் திடீர்ப் பெருக்கத்தை இச்சோதனைப் பட்டைகள் காட்டும். அப்பெருக்கம் தொடங்கி ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும். இது முன்னறிவிப்பாக அமைவதால், கருத்தரிக்க விரும்புவோருக்குப் பெரிதும் பயன்படும்.
* குருதிச் சோதனை: கருமுட்டை வெளியேறி ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் குருதியில் புரோஜெஸ்டிரோனின் அளவைக் கண்டறிதல். இதற்கு மருத்துவரின் அறிவுரை தேவை.
* மீயொலி ஆய்வு: நுண்ணறையின் வளர்ச்சியையும் வெடிப்பையும் நேரடியாகக் காணும் முறை.

அணிகருவிகள்

உறங்கும்போது தொடர்ந்து வெப்பநிலையைப் பதிவு செய்யும் மோதிரங்கள், கைக்கடிகாரங்கள், கைப்பட்டைகள் முதலியன அண்மைக் காலத்தில் பரவியுள்ளன. வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்ட நேச்சுரல் சைக்கிள்ஸ் என்னும் செயலியைக் கருத்தடைக்குப் பயன்படுத்த, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2018 இல் ஒப்புதல் அளித்தது. 2022 இல் ஆப்பிள் நிறுவனம் மணிக்கட்டு வெப்பநிலையை அளக்கும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது.

இக்கருவிகள் விழித்தவுடன் எடுக்கும் ஒற்றை அளவை நம்பாமல், உறக்கம் முழுவதிலும் பல அளவுகளை எடுப்பதால், இடையிடையே விழிப்பதால் ஏற்படும் பிழை குறைகிறது. ஆயினும், உடற்கடிகாரத்தின் அலையை அவையும் தவிர்க்க முடியாது. மேலும் அவை அளப்பது தோலின் வெப்பநிலையை. உறக்கத்தின்போது உள்வெப்பநிலை குறைகையில் கை கால்களின் தோல் வெப்பநிலை உயர்கிறது. அறையின் வெப்பமும் போர்வையும் அதனைப் பாதிக்கும். சுழல்முறைப் பணியில் உள்ளவர்கள், செயலி தானாகத் தரும் முடிவை அப்படியே ஏற்காமல், பணி மாறிய நாட்களை அதில் குறித்து வருவது இன்றியமையாதது.

நம்பகத்தன்மையும் வரம்புகளும்

வெப்பநிலையையும் சளியையும் இணைத்த கூட்டு முறை குறித்துச் செருமனியில் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வில், 900 பெண்களின் 17,638 சுழற்சிகள் ஆராயப்பட்டன. 13 சுழற்சிகளில் 100 பெண்களுக்கு 1.8 பேர் என்ற அளவில் விரும்பாத கருத்தரிப்பு நிகழ்ந்தது. வாய்ப்புள்ள நாட்களில் உறவை முற்றிலும் தவிர்த்தவர்களிடையே இது 0.4 ஆக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடையே பெறப்பட்டவை இவ்வெண்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வெப்பநிலையை மட்டும் நம்பிச் சுழல்முறைப் பணியில் உள்ள ஒருவர் இதே பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது. கருத்தரிப்பைக் கட்டாயம் தவிர்க்க வேண்டிய உடல்நிலை உள்ளவர்கள் வேறு கருத்தடை முறையை நாடுவது நல்லது.

குழந்தையின்மைக்கான மருத்துவத்தில் இம்முறைக்கு இன்று சிறிய இடமே உண்டு. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வு மற்றும் பராமரிப்புச் சிறப்பு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருமுட்டை வெளியேற்றத்தை உறுதி செய்ய வெப்பநிலை வரைபடங்களைப் பரிந்துரைக்கவில்லை. இரு கட்டங்கள் தெளிவாகத் தெரியாத பெண்களிலும் கருமுட்டை வெளியேறியிருக்கலாம். எனவே கலங்கலான ஒரு வரைபடத்தைக் கருவளக் குறைபாட்டின் அறிகுறியாகக் கொள்ளலாகாது. இரவுப் பணி செய்பவர்களின் வரைபடம் கலங்கலாக இருப்பது இயல்பே. கருத்தடை மாத்திரை போன்ற இயக்குநீர் மருந்துகளைப் பயன்படுத்துவோருக்கு இம்முறை பொருந்தாது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

* 35 வயதுக்குட்பட்டவர்கள் 12 மாதங்களும், 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் 6 மாதங்களும் முயன்றும் கருத்தரிக்காத நிலை.
* சுழற்சிகள் தொடர்ந்து 21 நாட்களுக்குக் குறைவாகவோ 35 நாட்களுக்கு மேலாகவோ இருத்தல், அல்லது மாதவிடாய் நின்றுபோதல்.
* உயர்ந்த வெப்பநிலை 18 நாட்களுக்கு மேல் நீடித்தும் மாதவிடாய் வராதிருத்தல். இது கருவுற்றிருப்பதைக் குறிக்கலாம். சோதனை மூலம் உறுதி செய்ய வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது வரைபடத்துடன் பணிமுறை அட்டவணையையும் எடுத்துச் செல்வது பயன் தரும். பணி நேரத்தை அறியாமல் பார்க்கும்போது ஒழுங்கற்றதாகத் தோன்றும் வரைபடம், பணி நேரத்துடன் சேர்த்துப் பார்க்கும்போது இயல்பானதாக இருக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* மாதவிடாய்ச் சுழற்சி
* கருமுட்டை வெளியேற்றம்
* புரோஜெஸ்டிரோன்
* உயிரியல் கடிகாரம்
* குடும்பக் கட்டுப்பாடு
* உறக்கம்